பொய் வேலைக்குப் பொறுப்பாளன்

1

ஊரிலிருந்து யார் கடிதம் போட்டாலும் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: "அங்க இன்னா வேலை பாக்கற?" என் அண்ணன் ஆம்பூரில் எல்லோரிடமும் நான் இங்கிலாந்தில் பாலம் கட்டுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் வேலையை ஒரு வரியில் சொல்ல எனக்கே வருவதில்லை. பாலம் நிற்கும். நான் பார்த்த வேலை நிற்காது. கான்கிரீட் இறுகியதும் அதைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நம் பக்கத்தில் சென்ட்ரிங் என்கிறோமே, அதுதான். மேல்தளம் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து, கீழே சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். இங்கே சவுக்குக்குப் பதிலாக இரும்புக் குழாய். சென்ட்ரிங்கோடு சாரம், பள்ளத்தில் மண் சரியாமல் கொடுக்கும் அண்டைப் பலகை எல்லாவற்றையும் சேர்த்து டெம்பரரி ஒர்க்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டடம் எழும்வரை அதைத் தாங்கிவிட்டுக் காணாமல் போகிற வேலைகள். இவை சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு கட்டுமானத் தளத்திலும் ஒரே ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்று இப்போது இங்கே வற்புறுத்துகிறார்கள். அந்த ஆளாக இருப்பதற்கான பயிற்சிக்கு என் கம்பெனி என்னை அனுப்பியது, இந்த இலையுதிர் காலத்தில்.

பயிற்சி தொடங்கிய தேதி, பல வருஷங்களுக்கு முன் என் சிநேகிதன் யூசுப் இறந்த அதே தேதி. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வகுப்பு. ரயிலில் போனேன். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டே வந்தது. வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள். பாதிப்பேர் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள்.

பயிற்சியாளர் கரும்பலகையில் முதலில் எழுதியது ஃபால்ஸ்வொர்க் என்ற சொல்லை. சென்ட்ரிங்குக்கு இவர்கள் சொல்லும் பெயர். நான் நோட்டில் பழக்கத்தில் தமிழில் எழுதினேன்: பொய் வேலை. எழுதியதும் சிரிப்பு வந்துவிட்டது. பொய்க்கால் குதிரையில் வருகிற பொய்தான் இது. ஆடி முடிந்ததும் அவிழ்த்து வைத்துவிடுகிற கால். பக்கத்தில் இருந்தவர், "என்ன வேடிக்கை?" என்று கேட்டார். பொய்க்கால் குதிரையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "ஒன்றுமில்லை" என்றேன். அவர் தன் காப்பிக் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இங்கே எனக்கு வருகிற சிரிப்பெல்லாம் இப்படித்தான் பாதியில் நின்றுபோகிறது.

2

நான் வந்த கதையை முன்பே சிலருக்கு எழுதியிருக்கிறேன். என் மனைவி எஸ்தர் வேலூரில் நர்ஸுக்குப் படித்தவள். அவளுக்குத்தான் யார்க்ஷயரில் இருக்கும் இந்த ஊரில் வேலை கிடைத்தது. அவள் முன்னால் வந்தாள். அனுமதி கிடைத்த பிறகு நானும் கைப்பிள்ளையாக இருந்த எங்கள் மகள் நிர்மலாவும் வந்து சேர்ந்தோம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள்.

"சென்ட்ரிங் சூப்பர்வைசர்."

"எதன் சென்டர்?"

கையால் பலகை, கம்பு, மேல்தளம் என்றெல்லாம் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கூலித் தொழிலாளி என்று எழுதிக்கொண்டாள். என் சிவில் டிப்ளமா இங்கே செல்லுமா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாடத்திட்டத்தின் நகலில் கல்லூரி முதல்வர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல்வர் ஓய்வுபெற்று ஊரைவிட்டே போயிருந்தார். புது முதல்வரின் கையெழுத்தோடு நகல் வந்தபோது, அந்த அலுவலகத்தையே வேறோர் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். ஆக, டிப்ளமாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஃபோர்மன் எங்களைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை ஸ்ட்ரைக்" என்றார். ஸ்ட்ரைக் எனக்குத் தெரியாததா? ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வாசலில் கொடி கட்டி உட்கார்ந்தவர்களைத் தினமும் பார்த்தவன். கருங்காலி என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டேன். திங்கட்கிழமை போனால் தளமே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. சென்ட்ரிங்கைப் பிரிப்பதற்கு இங்கே ஸ்ட்ரைக் என்று பெயராம். ஆள் பற்றாத அந்த வேலைக்கு நான் ஒருவன் வராமல் போய்விட்டேன்.

சிரிக்காமல் இருந்தவன் ஒருவன்தான். கெவின். அப்போது அவன் இளம் என்ஜினியர். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டட வேலையில் வேறு அர்த்தத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். ஜெயசீலன் என்ற என் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. ஜே என்று கூப்பிட்டான். நான் டிப்ளமா படித்தவன் என்று கம்பெனியில் எடுத்துச் சொல்லி, என் மண்வெட்டியைக் கீழே வைக்கச் செய்ததும் அவன்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் மூவரையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவான். இந்த ஊரில் நான் உள்ளே போய் உட்கார்ந்த ஒரே வெள்ளைக்கார வீடு அவனுடையது. இப்போது அவன் சைட் ஏஜென்ட். தளத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவன்தான் தலைவன்.

3

யூசுபைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு டேனரிக்கு, தோல் காயவைக்க மாடிக் கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். யூசுப் அந்த டேனரியின் எலெக்ட்ரீஷியன். வீட்டில் உருது, வெளியே தமிழ், மின்சாரம் அடித்தால் மட்டும் இரண்டும் கலந்து வரும். தினமும் மத்தியானம் அவன் வீட்டுச் சாப்பாட்டில் பாதி எனக்கு, என் வீட்டுச் சாப்பாட்டில் பாதி அவனுக்கு. என் அம்மா வைக்கும் புளிக்குழம்புக்காகவே அவன் என்னோடு சிநேகம் வைத்திருப்பதாகச் சொல்லுவான்.

வெளிநாடு போக ஆசைப்பட்டவன் அவன். நான் இல்லை. வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில், கடன் வாங்கிய டை கட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவந்தான். அதை எனக்குக் காட்டி, "இன்னாடா தோஸ்த், எப்டி இருக்கேன்?" என்றான்.

"டை கோணலா இருக்கு."

"துபாய்ல யாரு டையைப் பாக்கப்போறான்? ஒயரு நேரா இருக்குதான்னுதான் பாப்பான். நீ இங்கயே சுண்ணாம்பு நாத்தத்துல கெட. உனக்குப் பேஜாராச்சுன்னா ஒரு கடுதாசி போடு. டிக்கெட் அனுப்பறேன்."

"நான் எங்கயும் வரலப்பா. எனக்கு ஆம்பூரே ஜாஸ்தி."

இப்படிச் சொன்ன நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். போக வேண்டியவன் போகவில்லை. இந்த ஊரில் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. அவனாக இருந்தால் வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருப்பான்.

4

பயிற்சியின் இரண்டாம் நாள் ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். பயிற்சியாளர், அவசரத்தில் இருக்கும் சைட் ஏஜென்டாக நடிப்பார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, முட்டுகள் சரியில்லை, கான்கிரீட் போடக் கூடாது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கெஞ்சுவார், திட்டுவார், சிரித்துப் பேசி மயக்கப் பார்ப்பார். நாங்கள் இறங்கிவரக் கூடாது.

எனக்கு முன்னால் எழுந்தவர்கள் எல்லோரும் பட்டென்று "நோ" என்றார்கள். என் முறை வந்தது.

"ஐயா, நீங்கள் தவறாக நினைக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நல்லதோ என்று தோன்றுகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "ஜே, இப்போது நான் கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டேன். ஏனென்றால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம் ஊரில் பெரியவர்களிடம் முடியாது என்று எங்கே சொல்லியிருக்கிறோம்? "பார்க்கலாம் சார்" என்போம். அதிலேயே முடியாது என்பது அடங்கியிருக்கும். கேட்கிறவருக்கும் அது தெரியும். இங்கே பார்க்கலாம் என்றால் பார்க்கப்போகிறேன் என்றுதான் பொருள்.

வீட்டுக்கு வந்ததும் நிர்மலாவிடம் உதவி கேட்டேன். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அம்மாவிடம் மட்டும், அதுவும் உடம்பு சரியில்லாதபோது, தமிழ் வரும். பள்ளியில் அவள் பெயர் நிம். அப்பா சாரம் கட்டுகிற வேலை செய்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நானும் அதைத் திருத்தவில்லை.

சமையலறையில் அவள் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கெவின் மாதிரியே தொண்டையை மாற்றிக்கொண்டாள். "வா ஜே, லாரியெல்லாம் காத்திருக்கிறது. ஒரு கையெழுத்துதானே?"

"நோ" என்றேன்.

"அப்பா, நீங்கள் நோ சொல்வது, உள்ளே வரலாமா என்று கேட்பது மாதிரி இருக்கிறது. இன்னொரு தரம்."

"நோ."

"இன்னும் சத்தமாக."

"நோ!"

கைதட்டினாள். நெடுநாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, முகத்தைப் பார்க்காமல், "என்னிடம் மட்டும் இது சுலபமாக வருகிறதே உங்களுக்கு" என்றாள்.

பள்ளியில் பிரான்சுக்கு அழைத்துப்போகிறார்கள் என்று கேட்டிருந்தாள். நான் வேண்டாம் என்றிருந்தேன். பெண் பிள்ளை, தனியாக, வேற்று நாட்டில். காரணம் எதையும் சொல்லாமல் ஒரே சொல்லில் முடித்திருந்தேன். இப்போது பதில் சொல்வதற்குள் அவள் மாடி ஏறிப் போய்விட்டாள். நான் அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழிந்தது.

5

யூசுப் இறந்த அன்று நான் ஆம்பூரில் இல்லை. கட்டுக்கம்பியும் ஆணியும் வாங்கிவர கான்ட்ராக்டர் என்னை வேலூர் லாங் பஜாருக்கு அனுப்பியிருந்தார். முந்தின நாள் மதியம் நான் கடைசியாகப் பார்த்தபோது, சவுக்குக் கம்புகள் வரிசை தவறாமல்தான் நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்லிக் கேட்டேன். மேலே கூடம் கட்டினாலும் கீழே டேனரி வேலை நிற்கவில்லை. ஊறிய தோலை ஏற்றிவருகிற தள்ளுவண்டி, கம்புகளுக்கு நடுவே நுழைய முடியாமல் நின்றது. வழி விடுங்கள் என்று மானேஜர் சொன்னார். சென்ட்ரிங் ஆட்கள் நடுவில் சில கம்புகளைக் கழற்றி வழி விட்டார்கள். சாயங்காலம் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் கழற்றினார்கள். சாயங்காலம் மழை பிடித்தது. காலையில் வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்க்கவில்லை. மிக்சர் ஓட ஆரம்பித்தது. சித்தாள்கள் சட்டி சட்டியாகக் கான்கிரீட்டை மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒயர் போக வேண்டிய பைப்புகள் கான்கிரீட்டுக்குள் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள யூசுப் மேலே நின்றான்.

நடுப்பாகம் மட்டும் இறங்கியது. அவன் நடுவில் நின்றான்.

நான் ஆணி மூட்டையோடு வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டி வரும்போது எதிர்ப்பக்கம் எத்தனையோ வண்டிகள் போயின. அவற்றில் ஒன்றில் அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த வண்டி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆம்பூரில் இறங்கி டேனரி வாசலில் கூட்டத்தைப் பார்த்தபோது, மறுபடி ஸ்ட்ரைக் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் யூசுப் போய்ட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. அன்று ஊரில் இல்லாததால் என்னை யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி, கான்ட்ராக்டர் பார்த்திருப்பார் என்று நினைத்தேன் என்றார். கான்ட்ராக்டர், மேஸ்திரி பார்த்திருப்பார் என்று நினைத்தேன் என்றார். மானேஜர், அது கட்டட ஆட்கள் விஷயம் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒவ்வொருவரும் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து யூசுபின் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா டேனரியில் தோலை ரகம் பிரிக்கிறவர். என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"அங்க பாத்துக்க ஒருத்தர்கூடவா இல்ல, பேட்டா?"

"எல்லாரும் இருந்தாங்க, சாச்சா."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேரு சொல்லு."

என்னால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. யார் மேலாவது கோபப்பட அவர் ஒரு பெயரைத் தேடினார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. யாரைக் கேட்டிருந்தால் தன் பிள்ளை பிழைத்திருப்பான் என்றுதான் அவர் தேடியிருக்க வேண்டும்.

பயிற்சியின் கடைசி நாள், தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களை வாசித்தார்கள். என் முழுப் பெயரையும் பயிற்சியாளர் தடுமாறித் தடுமாறி, ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகவே சொன்னார். இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் வாயில் என் பெயர் முழுசாக வந்தது அதுதான் முதல் தடவை.

6

இப்போது நாங்கள் கட்டுவது அடுக்கு மாடிக் கார் நிறுத்தம். அதில் டெம்பரரி ஒர்க்ஸுக்கு என் பெயரை எழுதிப் போட்டார்கள். நான் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் எந்த மாடியிலும் கான்கிரீட் ஏற்றக் கூடாது, முட்டு எதையும் பிரிக்கக் கூடாது. கெவின் என் தோளில் தட்டி, "இனிமேல் உன்னைப் பார்த்து நான் பயப்பட வேண்டும்" என்றான். இருவரும் சிரித்தோம்.

முதல் மாடித் தளம் போடுகிற நாள் காலையில் சீக்கிரமே போய்விட்டேன். இருட்டு முழுசாக விலகவில்லை. விளக்கோடு கீழே இறங்கி, ஒவ்வொரு வரிசையாக முட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே நின்றன. கடைசி வரிசைக்கு வந்தபோது, அதன் அடிப்பலகைகளை ஒட்டிப் புதிதாக ஒரு பள்ளம். மழைநீர்க் குழாய் பதிக்கிறவர்கள், முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு தோண்டியிருக்கிறார்கள். அவர்களுடைய அட்டவணைப்படி அவர்கள் செய்தது சரி. குனிந்து பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில், பலகைக்கு இந்தப் பக்கம், மண்ணில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது.

கெவினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குள் முதல் லாரி வந்துவிட்டது. வயிற்றில் கான்கிரீட்டைச் சுழற்றிக்கொண்டே வாசலில் நின்றது. பின்னால் இன்னொன்று. மேலே ஆட்கள் ரப்பர் பூட்ஸோடு தயாராக நின்றார்கள்.

"முழங்கால் ஆழம்கூட இல்லை, ஜே" என்றான் கெவின்.

"மண் வெடித்திருக்கிறது. கான்கிரீட் பாரம் ஏறினால் முட்டோடு பள்ளத்துக்குள் சரியலாம்."

"குளிரில் மண் வெடிக்கும். அந்தப் பக்கம் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். நீ கையெழுத்துப் போடு. அதற்குள் ஆளை விட்டுப் பள்ளத்தை மூடச் சொல்கிறேன்."

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். பயிற்சியில் அவர்கள் காட்டியது முரடனாக ஒரு சைட் ஏஜென்டை. இவன் என் சிநேகிதன். என் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கித் தருகிறவன். சீட்டு என் கையில் இருந்தது. பேனாவை அவனே நீட்டினான்.

"வேணாம்" என்றேன்.

"என்ன?"

பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. "வேணாம், கெவின். நோ."

அவன் முகம் மாறியது. மேலே நின்றவர்கள் கைப்பிடி மேல் சாய்ந்து பார்த்தார்கள். ஒருவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. கெவின் குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு இது நின்றால் ஒரு வாரம் போய்விடும். என் தலைதான் உருளும். அது உனக்குத் தெரியும்" என்றான். தெரியும். கம்பெனியில் அவனுக்கு ஏற்கெனவே நெருக்கடி இருந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகக் கொட்டகைக்குப் போய் மேலதிகாரிக்கு போன் போட்டான். பேசிவிட்டு என்னிடம் கொடுத்தான்.

"விழுந்துவிடும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"தெரியாது, சார்."

"பிறகு?"

"நின்றுவிடும் என்றும் நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்."

  "சரி, நிறுத்துங்கள்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

லாரிகள் கான்கிரீட்டோடு திரும்பிப் போயின. மேலே நின்ற ஆட்கள் கீழே இறங்கி, ஒருவர் பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பாதி நாள் சம்பளம்தான் என்று பிறகு தெரிந்தது.

7

முட்டுகளுக்குக் கணக்குப் போட்ட என்ஜினியர் மறுநாள் வந்தார். சின்ன வயசு. பள்ளத்தில் இறங்கி அளந்தார், மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார், காரில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கெவினும் நானும் வெளியே தள்ளித் தள்ளி நின்றோம்.

"நின்றிருக்கலாம்" என்றார் இறங்கி வந்து.

கெவின் என்னைப் பார்த்தான்.

"விழுந்திருக்கலாமா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். இப்போது சொல்ல முடியாது."

பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பி, கடைசி வரிசைக்கு அகலப் பலகை கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவ்வளவுதான். நான் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். விழாமல் செய்துவிட்டதால் இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அதற்குப் பிறகு டீக் கொட்டகைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. யாரும் முறைக்கவில்லை. பெஞ்சில் இடம் விட்டார்கள், சர்க்கரையை நகர்த்தினார்கள். பேச்சுதான் இல்லை. கெவின் வேலை விஷயம் மட்டும் பேசினான். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. எந்த வருஷமும் இதற்குள் "இந்தத் தடவை வாத்தா, வான்கோழியா?" என்று நிர்மலாவுக்காகக் கேட்டுவிடுவான். இந்தத் தடவை கேட்கவில்லை. நானும் ஜாடையாகக்கூட நினைவுபடுத்தவில்லை.

எஸ்தரும் நானும் வார நாட்களில் சந்திப்பது மாடிப்படியில்தான். நான் வேலையிலிருந்து வருவேன், அவள் வேலைக்குக் கிளம்புவாள். ஒரு நாள் அவள் கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் படியிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"வார்டுல டாக்டருங்ககிட்ட நான் எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன். இந்த மருந்து ஜாஸ்தி, இன்னொரு தரம் பாருங்கன்னு. பாப்பாங்க, மாத்தியும் எழுதுவாங்க. மறுநாள் குட் மார்னிங் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

"பழகிடுமா?" என்றேன்.

"பழகாது. ஆனா மறுநாள் வேலைக்குப் போய்டுவோம்." எழுந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "சோறு இருக்கு. கொழம்பைச் சுட வெச்சுக்கோங்க."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. படியில் அவள் உட்கார்ந்த இடத்தில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

8

நேற்று அந்தத் தளத்தைப் போட்டோம்.

விடியற்காலையில் போய் எல்லா வரிசைகளையும் பார்த்தேன். கடைசி வரிசையை இரண்டு தரம் பார்த்தேன். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கெவினிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். லாரிகள் வந்தன. கான்கிரீட் ஏற ஏற, தள்ளி நின்றபடி முட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே யாரும் வராமல் கயிறு கட்டியிருந்தோம். குளிரில் கை மரத்துப்போனது. மேலே சத்தமும் சிரிப்புமாக இருந்தது. ஒரு முட்டும் அசையவில்லை. மதியத்துக்குப் பிறகு கடைசி லாரி காலியாகித் திரும்பியது. மேலே மட்டப்பலகை ஓடி முடிந்தது.

ஆட்கள் பூட்ஸைக் கழுவிக்கொண்டு மதுக்கடைப் பக்கம் கிளம்பினார்கள். கெவின் என்னைத் தாண்டும்போது நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "ஆயிற்று" என்றான். தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு அவர்களோடு போனான். நான் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

வீட்டில் நிர்மலா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். சிநேகிதி வீட்டுக்காம். தலைமுடியைப் புதிதாக என்னவோ செய்திருந்தாள். பிரான்சுக்குப் போகலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லியிருந்தேன். தாங்க்யூ என்றாள், அந்நியரிடம் சொல்வது மாதிரி. ஆனால் நேற்று தளம் போடுகிற நாள் என்பதை ஞாபகம் வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு அப்பா, இன்றைக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"ஒன்னும் நடக்கலம்மா."

"ஓ" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம் அந்த ஓவில். வாசலில் யாரோ கார் ஹாரன் அடித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

குழம்பைச் சுட வைத்தேன். தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு பெரிய விஷயம் அது! ஒரு தளம் முழுக்க மனிதர்கள் ஏறினார்கள், அத்தனை பேரும் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். இதைச் சொன்னால் அர்த்தம் புரிகிற ஒரு ஆள் எதிரில் இருந்தால் தேவலை போலிருந்தது. இரவு வேலைக்குப் போன எஸ்தர் வர விடிந்துவிடும். கெவினுக்குப் போன் போடலாமா என்று எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சொல்ல யாருமில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.